வாணாம் பாஸும் கொதிதண்ணிப் பைப்பும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நீளும் இந்தக் கிழக்கிலங்கைக் கரையில், பைப் பொருத்த வேண்டாம் என்று சொல்லியே பேர் எடுத்த ஒரே பைப் வேலைக்காரர் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் பள்ளிவாசல் பதிவில் இருக்கக்கூடும். நான் தேடிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் வாணாம் பாஸ். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே 'பாஸ்' என்போம். 'வேண்டாம்' என்பது எங்கள் வாயில் 'வாணாம்' ஆகிவிடும். அவருடைய வாயிலிருந்து அதிகம் வந்த சொல்லும் அதுதான்.

மருதமுனைக்காரர், வயது அறுபதைத் தாண்டியவர். தலையில் எந்நேரமும் ஹெல்மெட் இருக்கும், ஆனால் மோட்டார் சைக்கிள் கிடையாது. "பெட்ரோல் டாங்கிய ரெண்டு தொடைக்கும் நடுவில வச்சுக்கிட்டு ஒரு மனிசன் எப்பிடி நிம்மதியாப் போற?" என்று கேட்பார். அவருடையது மிதிசைக்கிள். எதிரே பஸ் வந்தால் இறங்கி, சைக்கிளையும் தூக்கிக்கொண்டு தெருவோரச் சாக்கடைக் கானைத் தாண்டி நின்று, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மறுபடி ஏறுவார். பக்கத்திலேயே இருக்கிற கல்முனைக்கு வர அவருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது இப்படித்தான்.

சாய்ந்தமருதில் ஒரு புடவைக் கடைக்காரர் மேல்மாடியில் குளியலறை கட்டுவதற்காக அவரைக் கூப்பிட்டிருந்தார். பாஸ் மாடிக்கு ஏறவே இல்லை. கீழே நின்றபடி, "மேல குளிக்கிற தண்ணி எதால கீழ வரும்?" என்று கேட்டார்.

"பைப்பாலதான்."

"அந்தப் பைப் வெடிச்சா?"

"வெடிக்காது பாஸ்."

"வெடிச்சா எண்டுதான் கேக்கன். அதுக்கு நேர கீழ ஆரு படுக்கிற?"

"நானும் மனிசியும்."

"வாணாம்."

அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் கிணற்றடியில்தான் குளிக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு தனக்கு மாடியில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கவே மனம் வரவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார்.

ஒரு ஹாஜியார் வீட்டில், கதிரை மாதிரி உட்காரும் கொமட் பொருத்த வேண்டியிருந்தது. பாஸ் அதை முற்றத்தில் இறக்கி வைத்து, உடுத்த சாரனோடும் ஹெல்மெட்டோடும் அதில் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போகிறதா என்று பார்த்தாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த ஊர் சனம் முழுவதும் மதிலுக்கு மேலால் அதைப் பார்த்துவிட்டுப் போனது. ஹாஜியார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரை நான் ஏன் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்று கேட்பீர்கள். நானும் பயந்தாங்கொள்ளி என்பதுதான் காரணம்.

கத்தாரில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவி ஜெஸீமாவின் தம்பி, ஒரு கொதிதண்ணீர்ப் பைப்பை அனுப்பியிருந்தான். சிங்க்கின் கீழே ஒரு சின்னத் தண்ணீர்த் தாங்கி, மேலே பளபளவென்று ஒரு பைப். திருப்பினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். கேத்தல் வேண்டாம், அடுப்பு வேண்டாம். அனுப்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. போன நோன்பில் ஜெஸீமா கேத்தலைச் சரித்தபோது மூடி கழன்று, கொதிதண்ணீர் அவளுடைய இடது காலில் கொட்டிவிட்டது. ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு கேத்தலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் காலைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுதான் ஊற்றுவாள். நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பிளேன்டீ குடிக்கிறவன். பன்னிரண்டு தடவையும் அவள் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தால் தேத்தண்ணீர் தொண்டையால் இறங்காது. ஆனாலும் குடிப்பேன்.

அப்படியென்றால் உடனே பைப்பைப் பொருத்த வேண்டியதுதானே? பொருத்தியிருக்கலாம், வீட்டில் ஜெஸீமாவின் தாய், என் மாமி, இல்லையென்றால்.

எங்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்க் குடியேறுவார். நானும் அப்படிக் குடியேறியவன்தான். வீட்டைக் கொடுத்த என் மாமி, அடுப்படிக் குசினியை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறார். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், அவருக்குக் கை இரண்டும் மரத்துவிட்டன. அடுப்பில் இருக்கும் தாச்சிச் சட்டியின் காதைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டிருப்பார். தோல் பொங்கிய பிறகுதான் நாங்கள் கண்டு சொல்வோம். கண்ணும் மங்கல். குளியலறை வழுக்கும் என்பதால் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, அதற்கு முன் கைகால் முகம் கழுவும் வுழு எடுப்பது குசினிச் சிங்க்கில்தான். வருஷக் கணக்கான பழக்கம். கை தானாகப் போகும், பைப்பைத் திருப்பும், முகத்தில் தண்ணீரை அடிக்கும். அந்தத் தண்ணீர் நூறு பாகைச் சூட்டில் வந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் ஜெஸீமாவின் கால், மறுபக்கம் மாமியின் கையும் முகமும். பெட்டி மூன்று கிழமை திறக்கப்படாமல் கிடந்தது.

கடைசியில் பாஸ் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் குசினிக்குள் நுழைந்து, பெட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். நான் தைரியமாக, "பாஸ், இது சும்மா திருப்பினா வராது. அமத்திப் புடிச்சுத் திருப்பினாத்தான் தண்ணி வரும். தெரியாமத் தொட்டாலும் பயமில்ல" என்றேன்.

அவர் எங்கள் பழைய பைப்பைக் காட்டி, "இதத் தொறங்க" என்றார்.

திறந்தேன்.

"இப்ப என்ன செஞ்ச நீங்க?"

"தொறந்தன்."

"இல்ல தம்பி. அமத்திப் புடிச்சுத் திருப்பின."

பைப்பின் தலையில் இருந்த என் கையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பைப்புக்குள்ளே உப்புப் படிந்து இறுகிவிடும். அதனால் இந்தக் கரையில் எந்த வீட்டிலும் பைப்பை அமத்தாமல் திருப்ப முடியாது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த பாதுகாப்பு, எங்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே கை வந்த வித்தையாக இருந்தது.

"அப்ப வாணாமா பாஸ்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து வேறு பதில் வந்தது. ஒற்றைக் காலில் நின்று எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெஸீமாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "பரீட்ச வச்சுப் பாப்பம்" என்றார்.

மறுநாள் தண்ணீர் வராத பழைய பைப் ஒன்றைக் கொண்டுவந்து, புதியது வரவேண்டிய இடத்தில் இறுக்கினார். மருதமுனையில் அவருடைய மச்சினனுக்குத் தறி இருக்கிறது. அங்கிருந்து நூலுக்குப் போடும் சாயத்தை இரண்டு போத்தலில் கொண்டுவந்திருந்தார். பொய்ப் பைப்பின் தலையில் சிவப்பைப் பூசினார். "மூணு நாளைக்கிச் சிவப்பு. அது பழகுறத்துக்கு. மறுகா நாலு நாளைக்கி நீலம். அது பரீட்சைக்கு. நீலம் பட்ட கை, வெந்த கை. சாயம் தண்ணியத் தடுக்காது, சாயக்கையோட எடுத்தாலும் வுழு செல்லும். மௌலவிட்டக் கேட்டுட்டுத்தான் வந்த."

முதல் நாள் சுபஹுக்கே நான் சிவந்தேன். பள்ளியில் தக்பீர் சொல்லிக் கை கட்டியபோது பக்கத்தில் நின்றவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தொழுகை முடியும்வரை ஒதுங்கியே நின்றார். ஸலாம் கொடுத்ததும், "ஆருக்கும் அடிச்சிட்டயா?" என்று காதுக்குள் கேட்டார். அன்று பின்னேரம் ஜெஸீமா சிவந்தாள். மாமியும் சிவந்தார். எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவர் கை கழுவ வந்து சிவந்துபோய், அந்தக் கையோடு தெரு முழுக்க மீன் விற்றார். மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் குசினிக்குள் போகும்போதே கையை மார்போடு கட்டிக்கொண்டு போகத் தொடங்கினோம். சொந்த வீட்டுக் குசினியில் கள்ளன் மாதிரி நடந்தேன். தண்ணீர் வராத ஒரு பைப்புக்கு அவ்வளவு பயந்த குடும்பம் வேறெங்கும் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் இரவு பாஸ் வந்து சிவப்பைத் துடைத்து நீலத்தைப் பூசிவிட்டுப் போனார். நீலத்துக்கு நான்கு நாட்கள். நான் தப்பினேன், ஜெஸீமாவும் தப்பினாள். மாமி அந்த நாட்களில் முக்காட்டை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதிகம் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தார். சளித் தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தோம்.

ஏழாம் நாள் பாஸ் தீர்ப்புச் சொல்ல வந்தார். எங்களைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சிவப்பு மங்கிக் கிடந்தது, நீலம் இல்லை. மாமியைக் கேட்டதற்கு அறைக்குள்ளிருந்தபடியே, "எனக்கு ஒண்டுமில்ல" என்றார். ஜெஸீமாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அந்த நேரம் மாமி அறையிலிருந்து வந்து பாஸுக்கு முன்னால் பிளேன்டீயை நீட்டினார். இடக்கையால் நீட்டினார். விருந்தாளிக்கு இடக்கையால் கொடுப்பது எங்களிடையே பெரிய மரியாதைக் குறைவு. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வயது போனால் இப்படித்தான் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாஸ் அந்தக் கோப்பையை வலக்கையால் வாங்கி, முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, "வாணாம்" என்றார்.

"ஏன் பாஸ்? ஒத்தருக்கும் நீலம் படல்லியே."

"சுவர் தாங்காது."

பொய்ப் பைப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெஸீமா கேத்தலில் தண்ணீர் பிடித்தாள், காலைப் பின்னால் மடக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது செத்துப்போன என் மாமனார் நின்று கட்டுவித்த சுவர். கடற்கரையிலிருந்து எத்தனையோ காற்றையும் மழையையும் கண்டது. ஒரு ஹெல்மெட் போட்ட மனிதரின் பயத்துக்காக என் மனைவி ஆயுள் முழுக்க ஒற்றைக் காலில் நிற்பதா? மூன்று நாட்கள் தேநீர்க்கடையில் இருந்து அவரைக் கிழித்தேன். நான்காம் நாள் பஸாரிலிருந்து ஓர் இளம் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவன் துளை போடும் மெஷினைக் கரண்டில் கொழுவுகிற நேரம், வாணாம் பாஸ் வந்து சேர்ந்தார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நீளக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார். மூச்சு வாங்கியது. ஸலாம் சொல்லிவிட்டு நேராகக் குசினிக்குள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"சுவர் தாங்காது" என்றார்.

இளம் பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனை அழைக்கும் மரியாதையோடு, "காக்கா, இது ஆன இடிச்சாலும் அசையாது" என்றான்.

"தாங்காது தம்பி."

"பாஸ்," என்றேன் நான். "உங்கட பயத்த உங்கட வீட்டோட வச்சிக்கங்க. இந்த வீட்டில ஒரு பொம்புள வெந்து போய் இரிக்கா. அது உங்களுக்கு வெளங்கல்ல."

அவர் நிலத்தைப் பார்த்தார். சுவரை விட்டு நகரவில்லை. அப்போது பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

"அவர ஏசாதீங்க மருமகன்."

முக்காட்டுக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்தார். வுழுத் தண்ணீரோடு வழிந்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் நீலம்.

"நாலு நாளும் தொட்டன். ஒவ்வொரு சுபஹுக்கும் தொட்டன். மறக்கப்புடா எண்டு நினைச்சுக்கிட்டேதான் எழும்புற, கை அங்கதான் போகுது. இடக்கையால பிளேன்டீ குடுத்தனே, அதிலயே இவர் புடிச்சிட்டார். போறப்ப என்ட அறை ஜன்னலடிக்கி வந்து கேட்டார். ஆரிட்டயும் சொல்லப்புடாண்டு நான்தான் சத்தியம் வாங்கின."

"ஏன் உம்மா?" என்றாள் ஜெஸீமா. அந்த நீலக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்த வீட்டில குறுக்க நிக்கிறதா மகள்? எனக்கென்ன, அடுத்த வளவுக் கிணத்தடியில போய் வுழு எடுக்கலாமெண்டு இரிந்தன்."

அடுத்த வீட்டு வளவிலுள்ள கிணற்றின் கட்டு முழங்கால் உயரம்தான். கண் மங்கிய மனுஷி, சுபஹ் இருட்டில். இளம் பாஸ் மெஷினைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

வாணாம் பாஸ்தான் மாமியைப் பார்த்து, அக்காவை அழைப்பதுபோல் பேசினார். "ராத்தா, இதில வெக்கப்பட ஒண்டுமில்ல" என்று சொல்லிச் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். அவருடைய கையும் முழங்கை வரை நீலம். "நாப்பது வருஷம் பைப்போட இரிக்கிறவன். நானும் தொட்டுட்டன். பழகின கைக்கிச் சொல்லி வெளங்காது."

மாமி அவர் கையைக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தப் பத்து நாட்களில் அவர் சிரித்தது அப்போதுதான்.

நானும் அந்தக் கையைப் பார்த்தேன். பொய்ப் பைப்பைக் கழற்றிக்கொண்டு போய் நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பாஸின் சட்டைக் கையின் உள்பக்கத்தில் நீலம் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பெட்டியை மூடிக் கட்டினோம். "அப்ப இவள்ற கால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

பாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பன்ரெண்டு பிளேன்டீயும் குடிக்கிறது ஆரு தம்பி?"

"நான்தான்."

"கேத்தலத் தூக்குறத்துக்கு உங்கட கையில என்ன வருத்தம்?"

இத்தனை மாதமும் என் புத்திக்கு எட்டாத ஒன்றை அவர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேத்தல் என் பொறுப்பு. இப்போது ஒரு நாளைக்கு மூன்று பிளேன்டீயோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பைப்பை மச்சான் வந்து தானே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம்.

வாணாம் பாஸ் இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவார். பைப்பைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு மாமியின் கையைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் தெரு முனை திரும்பும்வரை நான் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.