ஞானதாசன் சுமந்த தீர்மானம்

மனைவியைத் தலைவி ஆக்குவது, ஆனால் நாற்காலியில் உட்கார விடுவதில்லை. ஞானதாசன் எடுத்த முடிவு இதுதான். கெட்ட எண்ணம் இல்லை என்று அவரே நம்பினார்.

பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் ரப்பர் வியாபாரி ஞானதாசன் தன் மனைவி பிரிஜாவை நிறுத்தினார். போலியோவில் இரண்டு காலும் போனவள். இரக்கத்தில் ஓட்டு விழும் என்று நினைத்தார். விழுந்தது.

அலுவலகம் மாடியில். பத்தொன்பது படி. பதவியேற்ற அன்று பிரிஜா சக்கர நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொன்றாக ஏறினாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அவளைப் பார்க்கத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞானதாசன் சொன்னார்:

“ஏட்டி, நீ இனி கஷ்டப்படாண்டாம். ஃபைலு இஞ்ச வரும். ஒப்பு போட்டா போதும்.”

“வாசிக்காண்டாமா?”

“நானே வாசிக்கல்ல. நீ என்னத்துக்கு?”

“கீழ ஒரு ஹாலு கெடக்கே. ஆபீச அங்க மாத்தினா என்ன?”

“அங்க எனக்க ஷீட்டு கெடக்கு.”

ரப்பர் ஷீட். நாலு டன். தற்காலிகமாக வைத்தது. ஆறு வருடமாகத் தற்காலிகம்.

மேலே தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு ஞானதாசன் ஆட்சி செய்தார். ஊரே ‘தலைவரே’ என்றது. அது அவருக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் ஊர்க்காரர் ததேயுஸ் வந்தார். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்காகக் கீழேயே நின்று மேலே பார்த்துக் கத்தினார். கடைசியில் மாடியிலிருந்து யாரோ தாளைக் கீழே போட்டார்கள். காற்று அதை ஓடையில் கொண்டு சேர்த்தது. ததேயுஸ் ஊன்றுகோலை நீட்டி நீட்டித் தாளை இழுக்கப் பார்த்தார். ஞானதாசன் எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்த்தார். டீ ஆறிவிடுமே என்று உள்ளே போனார்.

வீட்டில் அதைச் சிரிப்பாகச் சொன்னார். பிரிஜா சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் கொடுத்தது பத்துத் தாள். அவள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது பதினொன்று. எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பேரூராட்சிக் கூட்டத்தில் ஞானதாசன் அந்தத் தாள்கட்டை மேசையில் போட்டார். “தலைவிக்க ஒப்பு உண்டு. பின்ன எதுக்கு வாசிக்கணும்? போடுங்க.”

எல்லா உறுப்பினர்களும் போட்டார்கள்.

செயல் அலுவலர் மட்டும் பதினொன்றாவது தாளை வாசித்தார். அதுவும் சத்தமாக. மக்கள் வந்துபோகும் எல்லாப் பிரிவும், தலைவர் அறையும் கீழ் ஹாலுக்கு மாற வேண்டும். வாசலில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று சாய்தளம் கட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் மேசை. கண் தெரியாதவர்களுக்கு மனு எழுதி, வாசித்துக் காட்ட ஓர் ஊழியர். ஹாலில் கிடக்கும் ரப்பர் ஷீட்டுகளை உரியவர் உடனே எடுத்துவிட வேண்டும்.

“ஏகமனதா நிறைவேறியாச்சு. நீங்களே கொண்டுவந்தீங்களே சார், பெரிய மனசு!” என்றார் செயல் அலுவலர்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஞானதாசனும் தட்டினார். வேறு என்ன செய்ய?

“ஏட்டி, என்னை ஏமாத்திட்டியே!” என்று வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தார்.

“நீங்க ஒப்பு போடச் சொன்னீங்க. போட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாம்லா?”

“பறஞ்சேனே. ஷீட்டு கெடக்குன்னீங்க.” அவள் குரல் உயரவில்லை. “ததேயுஸுக்க அம்மைக்க பேரு ஓடையில போச்சு. அந்த ஆபீசுக்கு நானாக்கும் தலைவி. எனக்கு வெக்கமா இருக்கு.”



சாய்தளம் காய்ந்த திங்கட்கிழமை பிரிஜா தானே சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். தள்ளிவிட ஓடிய ஞானதாசன் காற்றைத்தான் தள்ளினார். உள்ளே அவருடைய நாற்காலியைக் காணோம். சக்கரம் திரும்ப இடம் வேண்டுமாம்.

ஹாலிலிருந்து எடுத்துப் பின்பக்க வராந்தாவில் குவித்த ஷீட்டை அங்கிருந்தும் எடுக்க அவருக்கு இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டியிருந்தது. அதைக் கேட்கப் பத்து மணிக்கு மனு வரிசையில் நின்றார். முன்னால் நின்ற ததேயுஸ் திரும்பிப் பார்த்தார்.

“தலைவரே, இத நீங்க வீட்டில கேக்கப்பிடாதா?”

“கேட்டேன் ஓய். மனு எழுதி, வரிசையில வரச் சொல்லிட்டா.”