மார்க்கு மேஸ்திரியின் ஒரே கேள்வி

சேலம் ஜில்லாவில் ஆட்டுக்குத் தரம் சொல்கிறவர்கள் உண்டு, நூலுக்குத் தரம் சொல்கிறவர்கள் உண்டு, மாப்பிள்ளைக்குத் தரம் சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பள்ளிக்கூடத்துக்குத் தரம் சொல்லக் கிளம்பிய மனிதர், எனக்குத் தெரிந்து, மார்க்கு மேஸ்திரி ஒருவர்தான். அவர் தரம் பார்த்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டிய பெண்ணுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது மிகை. ஒரு வருஷம்தான் வீணாகியிருந்தது. இரண்டாவது வருஷம் வீணாகிக்கொண்டிருந்தபோதுதான் நான் இதில் மாட்டினேன்.

ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே எங்கள் ஊர். தறிக்காரர்கள் ஊர். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தறியில் ஏற்றுவதற்குத் தயார் செய்வார்கள். அதற்குப் பாவு போடுவது என்று பேர். மேஸ்திரி அந்த வேலைக்குத் தலைவர். பாவு கட்டியிருக்கும்போது அவர் தெருவில் நின்றால் நாய்கூடக் குனிந்துதான் போகும். ஆனால் அது யுத்த காலம். நூலுக்குத் தட்டுப்பாடு. பாவு இல்லை, கஞ்சி இல்லை, தெரு காலியாகக் கிடந்தது. மேஸ்திரியின் மூளைக்கு மட்டும் யாரும் லீவு கொடுக்கவில்லை.

அவருக்கு நல்லம்மா என்று ஒரே பெண். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆறாவது சேர வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம் ஜில்லா போர்டு நடத்திய போர்டு பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய கமிட்டிப் பள்ளிக்கூடம். இரண்டிலும் எட்டாவது வரை உண்டு. எட்டாவது முடிவில் சர்க்கார் பரீட்சை. கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் எழுதியவர்கள் அத்தனை பேரும் பாஸ். அதற்கு மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். போர்டு பள்ளிக்கூடத்தில் எழுதியவர்களில் பாதிப் பேர் பெயில். அவர்கள் வழக்கம்போல மணி அடித்து வீட்டுக்கு விட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மறுநாள் காலையில் பெண்ணைக் கையைப் பிடித்து ஓடையைத் தாண்டியிருப்பார்கள். மேஸ்திரி தாண்டவில்லை.

"ஈர நூலு சாமி, ஈர நூலு," என்றார் என்னிடம். "எடை எச்சாக் காட்டோணும்னா வியாபாரி நூலுல தண்ணியத் தெளிச்சு வெப்பான். அந்தப் பள்ளிக்கோடத்துல ஆறாவதுல எத்தனை பேரு சேந்தாங்க, எட்டாவதுல எத்தனை பேரு பரீச்சை எழுதுனாங்க? நடுவுல காணாமப் போனவனெல்லாம் எங்க? அவனையும் தராசுல வெச்சு நிறுக்கோணும். அதுதான் காஞ்ச எடை."

எனக்கு அப்போது இருபது வயசு. சந்தை ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எதற்கும் கவலைப்படுகிறவன். வாடகைக்குப் போன சைக்கிள் திரும்பி வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்துவிட்டால், நாளைக்கும் போகுமே என்று சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். பெரிய வாத்தியார் என் தகப்பனாரைக் கூப்பிட்டு, "பையனைப் பரீட்சைக்கு அனுப்பினால் அந்தப் பயத்திலேயே காய்ச்சல் வந்துவிடும். நல்லதாக ஒரு தொழிலில் விட்டுவிடுங்கள்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். தகப்பனாருக்கு ரொம்பச் சந்தோஷம். பிள்ளையின் உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யார் சொல்வார்கள்?

மேஸ்திரியின் கணக்குப்படி காணாமல் போனவர்களில் நானும் ஒருவன்.

காஞ்ச எடை பார்ப்பதற்காக அவர் சொந்தமாக ஒரு பரீட்சை தயாரித்தார். இரண்டு பள்ளிக்கூடத்திலும் படிக்கிறவர்கள், படித்துப் பாதியில் நின்றவர்கள், எல்லோருக்கும் ஒரே பரீட்சை. ஒரே கேள்வி. "ஒரு சேலைக்குப் பதினாறு முழம் பாவு வேணும். நூத்தறுவது முழம் பாவுல எத்தனை சேலை?" சரியென்றால் நூறு மார்க்கு. தப்பென்றால் சைபர். நடுவில் எதுவும் கிடையாது. மார்க்கு மேஸ்திரி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் கேரியரில் குடை பிடித்து உட்காருவார். நான் மிதிப்பேன். வாடகை தருவதாகச் சொல்வார். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

முதலில் ஒரு முடிதிருத்தும் கடை. பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தவன் போர்டு பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன். மேஸ்திரி கேள்வியைச் சொன்னார். அவன் யோசிப்பதற்காகத் தலையைச் சாய்த்தான். கத்தி காதைத் தொட்டது. "பத்துங்க!" என்று அலறினான். நூறு மார்க்கு.

அப்புறம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவர். மணவறையில் உட்கார்ந்தாகிவிட்டது. மேஸ்திரி பந்தலுக்குள் நுழைந்து மாப்பிள்ளை காதருகே குனிந்தார். ஏதோ முக்கியமான உறவுக்காரர் ஏதோ முறைக்காகக் குனிகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். கேள்வியைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் வந்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

"மாப்பிள்ளை படிச்ச பள்ளிக்கோடத்த நிறுத்துப் பாக்க வந்தேனுங்க."

"நல்லாப் பாருங்க. ஆனா தாலி கட்டட்டும்ங்க, சித்தப் பொறுங்க."

"கட்டுனதுக்கப்புறம் மனசு நெலையா இருக்காதுங்க. அது பரீச்சைக்கு ஆகாது."

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் மணப்பெண் குனிந்த தலை நிமிராமல், "பத்து" என்றாள். மேஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் எந்தப் பள்ளிக்கூடமும் போனவள் இல்லை. மாப்பிள்ளை அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் நூறு போட்டார். கேள்வி எங்களுக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதே உறைத்தது. மேஸ்திரியிடம் சொல்லப் பயமாக இருந்தது.

மேச்சேரிக்குக் கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய காலம் அது. அடுப்புக்குக் காற்றடிக்க ஒரு ஆள் பின்னால் சக்கரத்தைச் சுற்றுவான். மேட்டில் பஸ் நின்றது. ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். சக்கரம் சுற்றுகிறவன் போர்டு பள்ளிக்கூடத்துப் பழைய பையன் என்று மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். தள்ளுவதை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய், "கண்ணு, ஒரு சேலைக்கு..." என்று ஆரம்பித்தார். "பத்துங்க!" என்றான் அவன், திரும்பிக்கூடப் பார்க்காமல். கூடவே பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் "பத்துங்க!" என்றார்கள். அந்த வேகத்தில் பஸ்ஸும் கிளம்பிவிட்டது. எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை.

நடந்தே மேச்சேரி போய், ஆடு மேய்க்கிற ஒருவனைப் பிடித்தோம். கமிட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை என்று நிறுத்தப்பட்டவன். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் அவன் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினான்.

ஊர் திரும்பியபோது நிலைமை முற்றிவிட்டது. காபி கடையில் மேஸ்திரி உட்கார்ந்ததும், "பத்துங்க, சர்க்கரை கம்மியா?" என்று கேட்டார்கள். சந்தையில் கொத்தமல்லி விற்கிற அம்மாள் நூறு மார்க்கு வாங்கத் தயாராக இருந்தாள். போர்டு பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு. கமிட்டிப் பள்ளிக்கூடமும் நூற்றுக்கு நூறு. தராசு இம்மிகூட அசையவில்லை.

இதில் நல்லம்மாவின் பாடுதான் பாடு. பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்ப்பது மறுநாளோடு முடிகிறது. இந்த வருஷமும் சேராவிட்டால் தை மாதம் குமாரபாளையத்தில் கல்யாணம் என்று தாய்மாமன் சொல்லிவிட்டான். கிடைத்த கொஞ்சம் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே அவள், "அப்பா, எதுலயாச்சும் சேத்துவுடுங்க. நான் பாட்டுக்குப் படிச்சுக்கறேன்" என்று தினமும் சொல்வாள்.

"அவசரப்படாத கண்ணு. ரெண்டும் சமமா நிக்குது. வேற கேள்வி போட்டு மறுக்காவும் ஒருக்கா சுத்திட்டு வந்தர்றேன்."

அதைக் கேட்டுத்தான் அவர் சம்சாரம் காவேரியக்கா என் கடைக்கு வந்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, இன்னும் நீ ஒருத்தந்தான் பாக்கியாமே?"

"ஆமாங்க அக்கா. தினமும் பஞ்சர் வேலை வந்துருதுங்க."

"இந்த மனுசன் மறுக்காக் கெளம்புனா என்ற புள்ளை தாலியோடதான் பள்ளிக்கோடத்தப் பாப்பா. நீ எழுதி முடிச்சுத் தொலை. கணக்கு முடிஞ்சுதுன்னாவது ஊட்டுல உக்கார வெச்சுப் பேசலாம்."

வெளியே மேஸ்திரி குடையோடு நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லை. சைக்கிளுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஸ்லேட்டு வந்தது. நல்லம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. மேஸ்திரி தொண்டையைக் கனைத்து, நான் அதுவரை எத்தனையோ முறை கேட்ட கேள்வியை, என்னிடம் முதல் முறையாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

வாசகர்கள் நம்ப வேண்டும். பதில் எனக்குத் தெரியும். ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் பலப்பத்தைக் கையில் எடுத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்களே, அது எப்படிச் சரியாக இருக்கும்? பாவு முனையில் கொஞ்சம் தறியிலேயே நின்றுவிடுமே, அதை நெய்ய முடியாதே? நடுவில் நூல் அறுந்தால்? எலி கடித்தால்? கூட்டம் "பத்து, பத்து" என்று முணுமுணுத்தது. நான் வேர்த்து வழிந்து, "ஒன்பது" என்று எழுதினேன்.

மேஸ்திரி ஸ்லேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சாமி ஒம்பது?"

"முனையில நிக்கிறது வீணாப் போயிருமுங்களே. எலியும் இருக்குதுங்க."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "தறியில நீ சொல்றது சரி சாமி. பரீச்சையில தப்பு." சைபர் போட்டார்.

தராசு அசைந்துவிட்டது. கமிட்டிப் பள்ளிக்கூடம் ஒரு ஆள் அளவுக்குக் கீழே இறங்கியது. மேஸ்திரி மகளைப் பார்த்து, "நாளைக்குக் காலையில தலை சீவி நில்லு கண்ணு. போர்டு பள்ளிக்கோடம்" என்றார். காவேரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லம்மா எனக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்காக நான் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று ஊரில் பாதிப் பேர் இன்றும் நம்புகிறார்கள். அப்படிச் செய்வதற்குத் தைரியம் வேண்டும். என்னிடம் பயம் மட்டும்தான் இருந்தது.

சாயங்காலமே கமிட்டிப் பெரிய வாத்தியார் மேஸ்திரியைத் தேடி என் கடைக்கு வேகமாக வந்துவிட்டார். இந்தச் செய்தி பரவினால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர்.

"மேஸ்திரி, இது அநியாயம். இந்தப் பையன் எங்கள் பையனே இல்லை. ஏழாவதிலேயே இவன் பேரை அடித்தாகிவிட்டது."

நான் எழுந்து நின்றேன். "ஆமாங்க மேஸ்திரி, என்னைக் கணக்குல சேக்காதீங்க. நான் பாதியில நின்னவனுங்க" என்றேன். எல்லோருக்கும் தொந்தரவு இல்லாமல் போகட்டும் என்று எனக்கு எண்ணம்.

மேஸ்திரி குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

"பேர நீங்க அடிச்சீங்க. நான் அடிக்கலீங்க. அவன் உங்க பெஞ்சுலதான உக்காந்திருந்தான்? வேண்டாதப்பத் தூக்கி வெளிய போட்டுட்டு, மிச்சத்த நிறுத்து மேளம் அடிக்கறது எந்த ஊரு எடைங்க?"

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் ஒரு டியூபுக்குக் காற்றடித்தேன். அதில் பஞ்சர் எதுவும் இல்லை.

நல்லம்மா போர்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். எட்டாவது சர்க்கார் பரீட்சையில் முதல் தடவை பெயில். மேஸ்திரி அதை மறைக்கவில்லை. "நம்ம பள்ளிக்கோடத்துக்கு ஒரு மார்க்கு எறங்கிப் போச்சுங்க" என்று தெருவில் ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார். அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. மறு வருஷம் எழுதிப் பாஸானாள். அதற்கு மேளம் கிடையாது. அவர் மட்டும் காபி கடைக்குப் போய், யாரும் கேட்காமலே, "பத்துங்க" என்றார்.

யுத்தம் முடிந்து நூல் வந்தது. தெருவில் மறுபடியும் பாவு ஏறியது. மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் யாருக்கு எத்தனை மார்க்கு என்பது அவருக்கு மறக்கவே இல்லை. மேச்சேரிக்காரன் சந்தைக்கு வந்தால், "இவரு நூறுங்க" என்பார். முடிதிருத்தும் கடையில் காதில் தழும்பு வாங்கியவரைக் காட்டி, "இவரும் நூறு, கொஞ்சம் ரத்தத்தோட" என்பார்.

யாராவது நான் எதுவரைக்கும் படித்திருக்கிறேன் என்று கேட்டால் நான் இன்றும் பேச்சை மாற்றப் பார்ப்பேன். அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை. பக்கத்தில் இருந்தால் அவரே முந்திக்கொண்டு, என் தோளில் கையைப் போட்டு, "இவரு நம்ம பரீச்சை எழுதுனவருங்க" என்று சொல்லிவிடுவார்.

மார்க்கை மட்டும் சொல்லவே மாட்டார்.