இடது பின்சக்கரத்து நட்டு

ஏமாளி என்று பேர் வாங்கக் கூடாது என்பதில் நான் எப்போதும் குறியாக இருந்தவன். கடையில் புளி நிறுத்தால் தராசு முள்ளைப் பார்க்க மாட்டேன், கடைக்காரரின் சுண்டு விரலைப் பார்ப்பேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். (பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. அது வேறு விஷயம்.) இப்படி ஏமாளி ஆகாமல் தப்பித்து வந்தவன் ஒரே நாளில் முட்டாள் ஆன கதை இது. நான் சொல்லாவிட்டால் என் வீட்டார் சொல்வார்கள், அதுவும் கூட்டிச் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். வடக்கனந்தலில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தோம். என் மனைவி தமிழரசியின் அக்கா மலர் தலைப்பிரசவத்துக்காக அங்கேதான் இருந்தார். மாமனார் சேலத்துக்குப் புறப்படும்போது தன் பழைய காரின் சாவியை மனசே இல்லாமல் என்னிடம் கொடுத்தார்.

"மலருக்கு வலி வந்தா கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு எடுங்க, மாப்ள. மத்தபடி வண்டி நெழல்லயே கெடக்கட்டும்."

அவர் பஸ் ஏறிய மறுநாளே நிழலில் கிடந்த வண்டியை எடுத்துக்கொண்டு மனைவியோடு கோமுகி அணைக்குப் போனேன். அதோடு விட்டேனா? மலையேறி வெள்ளிமலை வரைக்கும் போனேன். இறங்கும்போது இடது பின்சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது. பேரிங் போயிருக்கும் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்கு அறிவிருந்தது. அந்த அளவோடு நின்றிருக்கலாம்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. பஸ் கிடையாது. பிரசவ வண்டி என்றால் போராட்டக்காரர்கள் மரத்தை நகர்த்தி வழிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆனால் எங்கள் வண்டி வீட்டு வாசலைத் தாண்டுமா என்பதே சந்தேகம். மலர் அக்காவுக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது.

கூப்பிடு தூரத்தில் தனபால் என்ற மெக்கானிக் இருந்தார். ஆனால் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் ஒரிஜினல் சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானைப் போட்டுவிடுவார்கள் என்று என் ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். (அந்த ஆபீசில் ஒருவரிடமும் கார் கிடையாது.) அதனால் நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன். சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றினால்தான் மற்றதெல்லாம். சக்கரம் சுற்றாமலிருக்கத் தமிழரசி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டாள். நான் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன், உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

அப்போது தனபால் சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது காலை ஊன்றி நின்றுவிட்டார். கேரியரில் அழுக்குத் துணியில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. வேலை இல்லாத மனிதர் மூன்று தடவை ஏன் போய் வரவேண்டும்? மூட்டை எதற்கு? என் ஒரிஜினல் பேரிங்கைச் சுருட்டிக்கொண்டு போகத்தான் என்று உடனே புரிந்துவிட்டது.

"சார், இடது பக்கத்து நட்டு மத்ததுமாரி இல்லீங்க. வலப்பக்கமா திருப்பனாத்தான் கழலும்," என்றார்.

குழாய் மூடத் தெரிந்த குழந்தைக்குக்கூட வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியும். என்னை வைத்தே இறுக்கவைத்து, பிறகு தன் காலில் விழவைக்கும் திட்டம்.

"தெரியும், நீங்க போங்க," என்றேன்.

"இன்னாங்க, அவரு சொல்றமாரி ஒருதடவ திருப்பித்தான் பாருங்களேன்," என்றாள் தமிழரசி உள்ளேயிருந்து.

"நீ பிரேக்க மிதி."

ஸ்பேனருக்கு நீளமான கைப்பிடி இருந்தால் தீர்ந்தது என்று தோன்றியது. மாமனாரின் வயல் கிணற்றடிக்குப் போய் அங்கே கிடந்த ஆறடி இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் வந்தேன். மரம் வெட்டுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் நிற்கும் சாலையில், கையெல்லாம் கரியோடு, ஆறடி இரும்புக் குழாயோடு. சந்தேகப்படுவதில் என்னை மிஞ்சிய ஒரு ஏட்டு அங்கே நின்றிருந்தார்.

"யோவ், நில்லு. இன்னா அது தோள்ல?"

"நட்டு கழட்டங்க."

"ஊரே ரெண்டுபட்டுக் கெடக்குது, நீ நட்டு கழட்டப் போறியா? நட, அந்த நட்டக் காட்டு."

குழாய்க்குப் பின்னாலேயே நடந்து வந்தார். நட்டைக் கண்டதும் அவருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் வைத்தார். ஸ்பேனரில் குழாயைச் செருகி இருவரும் இடப்பக்கமாகத் தொங்கினோம். நட்டு லேசாக அசைந்தது. "வருது, வருது," என்றார் ஏட்டு. வரவில்லை, அது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழாய் வில்லாக வளைந்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் மலர் அக்கா வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தமிழரசி பிரேக்கை விட்டுவிட்டு ஓடினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய்த் தனபாலைக் கூட்டிவந்தாள்.

அவர் நட்டைப் பார்த்தார், வளைந்த குழாயைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். "எவ்ளோ நேரமா இறுக்கிக்கினு இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு தமிழரசி மறுபடியும் பிரேக்கை மிதிக்க, வலப்பக்கமாக, மூன்று பேர் சேர்ந்து, அந்த வளைந்த குழாயிலேயே தொங்கினோம். நட்டு ஒரு கிறீச் போட்டுக்கொண்டு கழன்றது. சக்கரம் ஓடும்போது தானாகக் கழலாமல் இருக்கத்தான் அந்தப் பக்கத்து நட்டுக்கு மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்களாம்.

தனபால் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே புத்தம்புதுப் பேரிங்.

"பேரிங் போற நெலமையில கெடக்குது, மாப்ள சும்மா இருக்கமாட்டாரு, ஒரு பார்வ பாத்துக்கன்னு உங்க மாமனாரு குடுத்துட்டுப் போனாருங்க. அதான் காலையிலருந்து சுத்திக்கினு இருந்தேன்."

கழற்றிய பழைய பேரிங்கைத் துடைத்து என் கையில் வைத்தார். "இந்தாங்க சார், உங்க ஒரிஜினலு." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

முக்கால் மணி நேரத்தில் வண்டி புறப்பட்டது. தனபால்தான் ஓட்டினார். சாவியை என்னிடம் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஏட்டும் துணைக்கு வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். "நீங்க வந்தா மரம் நகராதுங்க," என்று தனபால் அவரை இறக்கிவிட்டார். வழியில் மரம் போட்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பத்துப் பேராகத் தூக்கி வழிவிட்டார்கள். நான் மடியில் பேரிங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலர் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்து அவளுக்கு வரன் பார்த்தபோது நான் இரண்டு வாரம் துருவித் துருவி விசாரித்து, "இந்தப் பையன் ரொம்ப நல்லவனா இருக்கான், எங்கியோ இடிக்குது," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தன் அம்மாவிடம் சொன்னாள்.

"சித்தப்பா எந்தப் பக்கம் திருப்பறாருன்னு பாத்துக்கினு, நாம மறுபக்கம் திருப்பிட்டா போதும்மா. நான் பொறந்ததே அப்படித்தான்."

கல்யாணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையை நான் இன்னமும் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.