ரிஜெக்ட் அண்ணன் பாஸ் செய்த ஒரே பீஸ்

மூக்கண்டப்பள்ளியில் ரிஜெக்ட் அண்ணன் கையில் தேறிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: எங்கள் அறைக் கம்ப்யூட்டரில் இருந்த கால்பந்து கேம். மற்றபடி இட்லி, சட்னி, டவுன் பஸ், வீட்டில் பார்த்த வரன்கள் எல்லாமே ரிஜெக்ட்.

காவேரிப்பட்டினத்துக்காரர். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தேறாத பீஸுக்குச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டைகளில் சில அறைக்கும் வந்துவிடும். ஒருமுறை நான் வைத்த சாம்பார்ப் பாத்திரத்தின் காதில் ஒன்று தொங்கியது. காரணம் என்ற கட்டத்தில் ‘உப்பு, அளவுக்கு மேல்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அறையில் நாங்கள் நான்கு பேர். ஞாயிறு காலை கேமில் போட்டி. கடைசியாக வருபவர் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும். அண்ணன் இரண்டு வருடமாகத் தேங்காய் நாரைத் தொட்டதில்லை. அவரிடம் இருந்ததோ ஒரே வித்தை. வலது ஓரமாக ஓடுவார், மூலைக்குப் போனதும் பந்தைத் தூக்கிப் போடுவார், நடுவில் நிற்பவன் தலையால் முட்டுவான், கோல். கீப்பர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான்.

அப்போதுதான் பெங்களூர் போன நான் அதே கேமின் புதுப் பதிப்பை சிடியில் வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். விடாமல் ஓடினால் ஆட்டக்காரனுக்கு மூச்சு வாங்கியது. தூக்கிப் போட்ட பந்துக்கு எதிரணிக்காரனும் எகிறினான். கீப்பர் முன்னால் வந்து பிடித்துக்கொண்டான். குட்டிக் குட்டியாகப் பாஸ் கொடுத்து ஆடினால்தான் கோல். முதல் ஞாயிறே அண்ணன் மூன்று ஆட்டமும் தோற்றார்.

“செட்டிங்க மாத்திப்புட்டு ஆபரேட்டருக்குச் சொல்லாம உட்டா எப்டிடா? ரிசல்ட் ஹோல்டு. நான் செக் பண்ணிட்டுதான் சொல்வேன்.”

“அண்ணே, பாத்திரம் நாறுதுண்ணே,” என்றேன்.

“நாறட்டும். ரிப்போர்ட் வரட்டும்.”

அன்று பகல் முழுக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி, பழைய சிடியில் நூறு தடவை, புதுசில் நூறு தடவை பந்தைத் தூக்கிப் போட்டார். புதுசுக்குச் சிவப்பு அட்டை நிச்சயம் என்று முடிவு கட்டிய நாங்கள் மூவரும், பாத்திரம் யார் தேய்ப்பது என்று சண்டையை ஆரம்பித்திருந்தோம்.

சாயங்காலம் அட்டை கட்டினார். பழைய சிடிக்கு.

“நெசமான ஃபுட்பால்ல தலையால முட்டுறதெல்லாம் கோல் ஆவுமா? இதுல நூத்துக்குத் தொண்ணூறு ஆவுது. பழசுதாண்டா டிஃபெக்ட். எனக்குத் தோதா இருந்துச்சுன்னு பாஸ் பண்ணிக்கினு இருந்திருக்கறேன்.”

“விடுங்கண்ணே, கேம்தானே.”

“டிஃபெக்ட் பீஸ்ல செயிச்சதும் டிஃபெக்ட்தான். ரெண்டு வருசத்தையும் ரீவொர்க் பண்ணணும்.”

ரீவொர்க் என்றால் பாத்திரம். ஒரு வாரமல்ல, அறையைக் காலி செய்யும் வரை. ஞாயிறு ஜெயித்தாலும் அவரே தேய்த்தார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தான் தேய்த்ததைத் தானே ரிஜெக்ட் செய்து, மறுபடி தேய்ப்பார். சோற்றுக்குக் காத்திருக்கும் எங்கள் வயிறு அவர் ரிப்போர்ட்டில் வராது.

பிறகு கல்யாணமாகி கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விட்டார். அந்தப் பெண்தான் அவரை பாஸ் செய்திருக்க வேண்டும்.

பழைய சிடி என்னிடம் இருக்கிறது. இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது. அட்டையில் காரணம் என்ற கட்டத்தில் ‘செக் செய்தவர் தவறு’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ பேருடன் அறை பகிர்ந்துவிட்டேன். அவரை மட்டும்தான் மனசு தேடுகிறது.