எங்கள் குடியிருப்பின் கொம்புசீவி

ஊருக்கு ஒருவர் என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும். மாடிக்கு ஒருவராவது இருப்பார். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்களையும் என்னையும் போலச் சாதாரணமாகத்தான் இருப்பார், வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார், லிஃப்டில் மற்றவருக்கு வழிவிடுவார். எங்காவது ஓர் அநியாயம் நடக்கட்டும். "இதச் சும்மா விடக்கூடாது" என்று ஒரு குரல் எழும். திரும்பிப் பாருங்கள், அவர்தான். இந்த இனத்துக்குக் கொம்புசீவி என்று பெயர் வைத்திருக்கிறேன். சீவப்படும் கொம்பு எப்போதும் அடுத்தவருடையது.

ஓட்டலில் காப்பி ஆறிப்போய் வந்தால் கொம்புசீவி சர்வரிடம் சொல்லமாட்டார். பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வார். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து கத்தி, முதலாளி வந்து, நாலு பேர் கூடி, அமளியான பிறகு பார்த்தால் இவர் ஆறிய காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கைகழுவப் போயிருப்பார். அலுவலகத்தில் சம்பள உயர்வைப் பற்றி மேலாளரிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும் என்று ஒரு வாரம் எல்லோரையும் உசுப்பேற்றுவார். கேட்கப் போகிற அன்று அவருக்குத் தலைவலி. பாவம், அந்தத் தலைவலியும் நிஜமாகவே வந்து தொலைக்கும்.

எங்கள் குடியிருப்பில் இவர் மூன்றாம் மாடி. காப்பீட்டு நிறுவனத்தில் பிரிவுத் தலைவர். இவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது, வண்டி நிறுத்துமிடம் ஒரு தனியார் கம்பெனியின் கைக்குப் போன பிறகுதான்.

கம்பெனி போட்ட விதி எளிமையானது. லிஃப்ட் வாசலில் ஆளையோ சாமானையோ இறக்கப் பதினைந்து நிமிடம் இலவசம். இறக்கிவிட்டு வெளியே போய், சுற்றிவந்து, அடித்தளத்தில் அவரவர் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தாண்டினால் அபராதம். நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் கேமராவின் கணக்கு நுழையும் கேட்டில் ஆரம்பித்து, வெளியேறும் கேட்டில் முடிகிறது. வெளியேறும் கேட் கம்பெனியே மாட்டிய புது மோட்டார் கேட். பட்டனை அழுத்தினால் அது முதலில் உறுமும், பிறகு நடுங்கும், பிறகு நெடுநேரம் யோசிக்கும், பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்த பிறகு மனம் வந்தால் திறக்கும். ஆக, கம்பெனியின் கேட் திறக்காததால் கம்பெனியின் இடத்தில் நின்றதற்குக் கம்பெனிக்கே அபராதம் கட்ட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நல்ல மூளை.

வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. எனக்கு வரவில்லை. என்னிடம் இருப்பது சைக்கிள். கேமரா அதை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

ஐந்தாம் மாடியில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். அழைத்துவந்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மேலே கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு ஓடிவந்து வண்டியை எடுப்பாள். பதினைந்து நிமிடத்துக்குள் முடித்தும்விடுவாள். கேட் முடிக்க விடாது. அபராதத்தைக் கட்டாமல் எதிர்த்துப் புகார் கொடுத்து அது தள்ளுபடியானால், மூன்று மாதம் அவளுடைய அனுமதி அட்டை முடங்கும். எந்தக் கேட்டும் திறக்காது. அப்புறம் வண்டியைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு, மேடும் பள்ளமுமான நடைபாதையில் நாற்காலி உருளாது என்பதால், அப்பாவை நடத்தித்தான் கூட்டிவர வேண்டும். ஆகவே பேசாமல் கட்டிவிடலாம் என்றுதான் அவள் இருந்தாள்.

தபால்பெட்டிகளுக்கு அருகே அவளைக் கொம்புசீவி மடக்கினார்.

"சிஸ்டர், கட்டிடாதீங்க."

"எனக்கு அலையறதுக்கெல்லாம் நேரம் இல்ல சார். கட்டிட்டா நிம்மதி."

"கட்டினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி. இது காசு விஷயமே இல்ல, கொள்கை. நீங்க கம்ப்ளெயின்ட் குடுங்க. விசாரணைக்கு எல்லாருமா சேர்ந்து போய் நிப்போம்."

"எல்லாரும் வருவாங்களா?"

"வராம? நீங்க முன்னாடி போங்க. பின்னாடி நான் இருக்கேன்."

அதன் பிறகு அவர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஓர் உயர்த்திய முஷ்டி, மாலையில் இரண்டு. அவள் எழுதிய புகாரை வாங்கி, "தயவுசெய்து பரிசீலிக்கவும்" என்று இருந்த இடத்தில் "வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று போட்டுக்கொடுத்தார். எல்லோரும் கையெழுத்துப் போடலாமா என்று அவள் கேட்டபோது, ஒரே ஒரு கையெழுத்து இருந்தால்தான் அழுத்தமாக இருக்கும் என்றார். யாருடைய கையெழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை, கம்பெனி அலுவலகத்தில். இரவு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அவள் வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். வண்டி இல்லாதவன் சாட்சி செல்லாது என்று என்னைக் கதவோரம் உட்காரவைத்துவிட்டார்கள். கொம்புசீவியிடமிருந்து செய்தி மட்டும் வந்தது: "அவசர வேலை. மனசெல்லாம் அங்கேதான் இருக்கிறது." அவருடைய மனசு எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன.

கம்பெனி அதிகாரி மரியாதையானவர். முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், கேட்ல கோளாறுன்னு சொல்றீங்க. சரி. மத்தவங்களுக்கும் நோட்டீஸ் போச்சே. எல்லாரும் ஒரு வார்த்தை கேக்காம கட்டிட்டாங்க. கோளாறு இருந்தா அவங்க சும்மா இருப்பாங்களா?"

"எல்லாருமா?"

"எல்லாருமேதான்."

"மூணாவது மாடி சாரும் கட்டிட்டாரா?"

"அவர்தாங்க முதல் ஆள். உடனே கட்டினா பாதிதான்னு போட்டிருந்தோம் பாருங்க, நோட்டீஸ் கிடைச்ச அன்னிக்குக் காலையிலயே கட்டிட்டாரு."

தபால்பெட்டிப் பேச்சு நடந்தது அன்று மாலை. பாதிக் கட்டணத்தில் கணக்கை முடித்துவிட்டு வந்துதான் மனிதர் கொள்கை பேசியிருக்கிறார். அவள் தண்ணீரைக் குடித்தாள். விதியைக் குடியிருப்போர் அனைவரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவதால் புகார் தள்ளுபடி.

மறுவாரம் அவளும் அப்பாவும் பெரிய ரோட்டிலிருந்து நடந்து வந்ததைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பிடித்துப் பிடித்து நின்றார். மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க அவளோடு நானும் கைகொடுக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் வாசலுக்கு வந்தால் அங்கே கொம்புசீவி.

"என்ன சிஸ்டர், இப்படிப் பண்ணிட்டாங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க முதல்லயே கட்டிட்டீங்களாமே சார்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கட்டினேன். மனசு ஒப்பியா கட்டினேன்? கடுமையான எதிர்ப்போடதான் கட்டினேன்."

பெரியவர் மூச்சு வாங்கக் கேட்டார்: "அந்த எதிர்ப்ப அவங்ககிட்ட சொன்னீங்களா தம்பி?"

"அது உள்ளுக்குள்ள இருந்துச்சுங்க."

பெரியவர் தலையாட்டினார். லிஃப்ட் வந்தது. கதவு மூடும்போதும் கொம்புசீவி விடவில்லை. "மேல்முறையீடு போங்க சிஸ்டர். விட்டுடாதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்களுக்கும் வந்திருக்கும், தெரிகிறது. இப்படியும் ஒரு மனிதரா, அந்தப் பெண் இதை இத்தோடு விடக்கூடாது, கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் வாய் முணுமுணுக்கிறது அல்லவா? நல்லது. அவளும் விடவில்லை, மேல்முறையீடு போட்டிருக்கிறாள். அந்த மாதிரிக் கேட்டில் காத்துநின்று அபராதம் கட்டிய ஒருவர், ஒரே ஒருவர், நேரில் வந்து நடந்ததைச் சொன்னால் போதுமாம். உங்கள் குடியிருப்பிலும் அதே கம்பெனிதான் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு வந்த நோட்டீஸை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அடுத்த வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு வந்தால் போதும்.

அன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்களே.