தேதி இல்லாத பன்னிரண்டு டப்பா

பன்னிரண்டு டப்பா. ஒன்றில்கூடத் தேதி இல்லை.

ஃப்ரீஸர் கதவைத் திறந்து பிடித்தபடி அவர் நின்றார். முகத்தில் குளிர் அடித்தது, முதுகில் வியர்வை வழிந்தது. இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை.

"பாப்பா, உங்கம்மா பண்ணின காரியத்தப் பாத்தியா? நீல மூடி போட்டு அழகா அடுக்கி வெச்சிருக்கா. எப்ப செஞ்சது? எத்தன நாள் தாங்கும்? ஒரு எழுத்து இல்ல!"

பாப்பா அவர் காதைப் பிடித்து இழுத்தாள்.

மருந்துக் கிடங்கில் பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர் அவர். அங்கே எல்லோரும் அவரைக் கூப்பிடுவது 'காலாவதி' என்றுதான். எந்த அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பித் தேதி தேடுகிற மனுஷன். பிறந்தநாளுக்கு யாராவது கேக் வெட்டினால், எல்லோரும் கைதட்டும்போது இவர் மட்டும் கேக் வந்த அட்டையின் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு மனைவி வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மூன்று மாதம் விடுப்பு எடுத்துப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது இவர். மாமியாருக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை.

"ஒரு குறை கண்ணுல பட்டுது, அப்புறம் நான் யாரையும் கேக்க மாட்டேன். பாப்பாவ எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். அவர்கள் வீடு ரயிலில் ஒரு பகல் தூரம். அப்புறம் பாப்பாவை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரிய விஷயம். அந்த மாமியார் இன்று நாலு மணிக்கு வருகிறாள். எதற்கு வருகிறாள் என்று கேட்கவும் வேண்டுமா? சோதனைக்குத்தான்!

காலையில் செருப்பை மாட்டும்போது மனைவி கேட்டாள்: "ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கற சீட்டப் படிச்சீங்களா?"

"படிச்சாச்சு, படிச்சாச்சு. நீ கெளம்பு."

படிக்கவில்லை. படிக்கலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் அதே இடத்தில் தன்னுடைய வெப்பநிலைப் பதிவேட்டைத் தொங்கவிட்டுவிட்டார். மணிக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜின் குளிரைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிற தாள். கிடங்குப் பழக்கம், விடுமா? மனைவியின் சீட்டு அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது.

ஒரு டப்பாவை எடுத்து வெந்நீரில் வைத்து இளக்கினார். ஆரஞ்சு நிறத்தில் கூழ். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு! போதாக்குறைக்கு மிளகு வேறு!

ஒரு வயசு ஆகும்வரை சாப்பாட்டில் உப்பே போடக்கூடாது என்று குழந்தை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அளவையாவது பார்த்துச் செய்தாளா? ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு பாப்பா நாலு வேளை சாப்பிடலாம். வேலைக்குப் போகிற பதற்றத்தில் என்னத்தையோ கலக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பாவம். இதை மட்டும் மாமியார் பார்த்தால் மகளை ஒன்றும் சொல்லமாட்டாள். பழி பூராவும் மாப்பிள்ளை தலையில்தான் விழும்.

"சரக்கு நிராகரிப்பு" என்று பாப்பாவுக்கு அறிவித்துவிட்டு, ஒவ்வொரு டப்பாவாகக் குப்பைக்கூடையில் கவிழ்த்தார். தொம், தொம் என்று பதினொரு கட்டி விழுந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் பாப்பா சிரித்தாள்.

பன்னிரண்டாவதை, அதாவது ருசி பார்த்ததை, கொட்டவில்லை. கிடங்கில் எதை அழித்தாலும் மாதிரிக்கு ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். 'உண்ணத் தகாதது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் தனியாக வைத்தார். மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நிம்மதி அரை மணி நேரம் தாங்கியது.

புதிதாகச் செய்துவிடலாம் என்று மஞ்சள் பூசணியும் கேரட்டும் நறுக்கி வேகவைத்தார். கிருமி ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று கரண்டி, கிண்ணம், மிக்ஸி மூடி எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டார். கிருமி செத்ததோ இல்லையோ, மூடி கோணிக்கொண்டது. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மிக்ஸியைப் போட்டார்.

சுவரில் பூசணி. கடிகாரத்தில் பூசணி. பாப்பாவின் உயர நாற்காலி மட்டும் எட்டிப் போட்டிருந்ததால் தப்பித்தது. அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியதைப் பார்த்து பாப்பா இரண்டு கையையும் தட்டினாள்.

"சிரிக்காத பாப்பா. நாலு மணிக்கு ஆள் வருது."

ஜாரின் அடியில் பாதி மிச்சமிருந்தது. அதைக் கிண்ணத்தில் வழித்தார். சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, வெளியிலும் வெகு நேரம் விடக்கூடாது. சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் கிண்ணத்தை வைப்பதுதான் வழி. ஃப்ரீஸரின் பின்பக்கம் மூடி போட்ட ஐஸ் தட்டு ஒன்று உறைபனி பூத்துக் கிடந்தது. பாத்திரத்துத் தண்ணீரில் அதைத் தட்டிக் கொட்டிவிட்டு, அழுகிற பாப்பாவுக்குப் பால் புட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

தண்ணீர் வெளுத்துக் கலங்கிப்போயிருந்தது. அடியில் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அலை அடித்துக் கிண்ணத்துக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஐயோ! ஐஸே இப்படின்னா குழாய்த் தண்ணி எப்படி இருக்கும்?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தத் தண்ணீரில்தானே காய் கழுவினோம்? இதில்தானே வேகவைத்தோம்? ஐஸ் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். கிண்ணத்துக் கூழ் பதினொரு கட்டிகளுக்கு மேலே போய் விழுந்தது. குழாய்த் தண்ணீரை மூன்று அண்டாவில் பிடித்து வடிகட்டி, மூன்றையும் அடுப்பில் ஏற்றினார். சமையலறை முழுக்க ஆவி. பதிவேட்டில் எழுதியது ஈரத்தில் ஊறி வழிய ஆரம்பித்தது.

அப்போது பார்த்து மனைவி போன் செய்தாள்.

"பாப்பா சாப்ட்டாளா?"

"எல்லாம் முறைப்படி நடந்துட்டிருக்கு."

"என்ன சத்தம் அது?"

"தண்ணி காயுது."

"எதுக்கு இவ்வளவு சத்தம்? சரி, மீட்டிங் இருக்கு. அம்மா வந்ததும் நல்லா கவனிச்சுக்கங்க. பாவம்."

"யாரு பாவம்?" என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். 'பாவம்' என்றது தன்னைத்தான் என்று அவருக்குப் பட்டது. கட்டின மனைவியே இரக்கப்படுகிற அளவுக்கு விஷயம் போய்விட்டது.

வீட்டில் மிச்சம் ஒரே ஒரு ஆப்பிள். அதைக் காய்ச்சி ஆறின தண்ணீரில் கழுவி, தோல் சீவி, வேகவைத்து, மிக்ஸி பக்கமே போகாமல் கரண்டியால் மசித்தார். மசித்து முடிக்கும்போது மணி மூன்றே முக்கால். முதல் வாயைப் பாப்பா சப்புக்கொட்டி விழுங்கினாள். இரண்டாவது வாய்க்குத் தானே வாயைத் திறந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தார். மாமியார் தனியாக நின்றிருந்தாள். மூக்குவரை சால்வையைச் சுற்றி, கையால் வேறு பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன, அதுவும் சிவந்து.

"வாங்கத்தை. மாமா வரலையா?"

கீழே தெருப்பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். வாசலிலேயே பேச்சு வார்த்தை இல்லை என்றால் கோபம் எந்த அளவில் இருக்கும்! நாற்றம் தாங்காமல் மூக்கையும் வாயையும் மூடியிருக்கிறாள் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

அவள் நேரே சமையலறைக்குப் போனாள். சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வடிதட்டில் கழுவிக் கவிழ்த்திருந்த பதினொரு டப்பாக்களையும் பதினொரு நீல மூடிகளையும் பார்த்தாள். குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தவள், "ம்ம்ம்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் விட்டாள்.

"அது வீணடிச்சது இல்லத்தை. ஒண்ணுலயும் தேதி கிடையாது. உள்ள உப்பு, மிளகு! மனுஷன் வாயில வெக்க முடியாது. அதான் என் கையாலயே எல்லாத்தையும் கொட்டினேன்."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விரலால் ஃப்ரிட்ஜைக் காட்டினாள்.

"தாராளமா பாருங்க!" அவர் ஃப்ரீஸரை அகலத் திறந்து காட்டினார். "சுத்தமா காலி! பழசுன்னு ஒரு துளி கிடையாது!"

அவள் கை மேல்தட்டுக்குப் போயிற்று. 'உண்ணத் தகாதது' டப்பாவை எடுத்தாள். இன்னொரு கை கரண்டியைத் தேடியது.

"ஐயையோ அத்தை, அதத் தொடாதீங்க!"

பிடுங்கினார். அவள் விடவில்லை. இந்த வயதில் இவ்வளவு பலமா! இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் டப்பா நழுவித் தரையில் கவிழ்ந்தது. மாமியாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பாப்பாவை நாற்காலியிலிருந்து தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அத்தை, சமையலறை இந்த லட்சணத்துல இருக்கறது தப்புதான். நான் செஞ்சது பூரா சொதப்பல்தான். ஆனா ஒவ்வொண்ணும் இவளுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு பயந்து செஞ்சது. இவ இல்லாம என்னால இருக்க முடியாதுத்தை. கத்துக்கறேன். இவள மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கத்தை!"

அத்தை பாப்பாவின் கிண்ணத்தில் மிச்சமிருந்த ஆப்பிளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு மாமனார் வந்தார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் மருந்துக்கடைப் பை.

"யாரு மாப்ளே யாரைக் கூட்டிட்டுப் போறது? ராத்திரி ரயில்ல வந்து எறங்கி காலையில இங்கயே ஆறு பல்லு புடுங்கியிருக்கு, வாயத் தொறந்து பேசக் கூடாது, பத்து நாளைக்கு இவளையும் நீங்கதான் பாத்துக்கணும். பாப்பாவுக்குக் கஞ்சி ஐஸ் தட்டுல, அம்மாவுக்கு நீல மூடி டப்பாவுலன்னு பொண்ணு எல்லாம் செஞ்சு வெச்சுச் சீட்டும் எழுதி ஒட்டியிருக்காளாமே, பசியில துடிக்கறா, சீக்கிரம் ஒரு டப்பா எடுங்க!"