புது வேட்டியில் வடித்த பிளம்ஸ் டீ

கயல், அன்பு, உங்கள் இரண்டு பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வேட்டியை நான் இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

பவானியில் இருக்கும் உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும் அந்தக் கதையைச் சொல்லும்போது என்னை வேட்டி அவிழ்க்க வைத்துவிடுகிறார். (கூட்டம் பெரிதாக இருந்தால் இரண்டு முறை அவிழ்ப்பேன்.) அன்பு, நீ அன்றைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தாய். அத்தை சொல்வதைத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். அதனால் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

கயல் அப்போது ஏழாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டேன். "யாரையும் வேண்டாங்கப்பா" என்றாள். கணபதி ஏரியாவில் நம் வீட்டின் முன்பக்கமே லேத் பட்டறை. வாசலில் இரும்புச் சுருள், உள்ளே ஆயில் வாசம். அவள் தோழி வீட்டிலோ நீளக் கண்ணாடி டம்ளரில் பழ ஐஸ் டீ கொடுத்தார்களாம். "அங்கெல்லாம் போயிட்டு வந்தவங்களை நம்ம ஊட்டுக்கு எப்படிங்கப்பா கூப்பிடறது?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் பத்தாவதோடு பட்டறைக்கு வந்தவன். ஆனால் எந்த ஜாப் வந்தாலும் முடியாது என்று திருப்பி அனுப்பியதில்லை.

"கூப்பிடு கண்ணு. ஐஸ் டீதானே? அப்பா செய்யறேன்."

"பாட்டில்ல விக்குதுங்க, வாங்கிக்கலாமுங்க" என்றார் உங்கள் அம்மா. நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.)

செய்முறையை போனில் பார்த்தேன். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை, படம் மட்டும்தான். வீடியோவில் ஒரு பெண் தேயிலையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சட்டென்று வெளியே எடுத்துவிட்டாள். பாவம், ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையில் அப்படி ஒரு டீயைக் கொடுத்தால் ஆட்கள் ஸ்பானரோடு வருவார்கள். அதனால் டீத்தூளைத் தாராளமாகக் கொட்டி, லேத்தில் ஒரு இரும்பு ஷாஃப்ட் கடைந்து முடிக்கும்வரை கொதிக்கவிட்டேன்.

ஊட்டி பிளம்ஸ் வந்துகொண்டிருந்த நேரம். பழத்தை மசித்து, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை சேர்த்து, எல்லாவற்றையும் பெரிய குண்டாவில் கலந்தேன். ஆயில் மாற்றாத பைக்கின் என்ஜினுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு நிறம். உங்கள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, இதைக் குடிச்சா புள்ளைக மறுபடி வருமுங்களா?"

"ஐஸ் போட்டா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடினேன். நான் போன நேரம் பார்த்து, கையில் தூக்குப்போசி நிறையத் தன் மாட்டுப் பாலோடும், எனக்கு ஒரு புது வேட்டியோடும் அக்கா வந்து இறங்கினார்.

திரும்பி வந்து பார்த்தால் குண்டா முழுக்கத் திரிதிரியாக மிதக்கிறது. பக்கத்தில் காலிப் போசியோடு அக்கா.

"என்னக்கா செஞ்சுபோட்டீங்க!"

"நான் என்னடா செஞ்சேன்? பொறந்த நாளும் அதுவுமா புள்ளைகளுக்குப் பாலில்லாத டீயா? எழவு ஊட்டுலதான்டா வரட்டீ குடுப்பாங்க! நல்லவேளை நான் வந்தேன். பாலுதான் கெட்டுப்போனதாட்ட இருக்குது, திரிஞ்சுபோச்சு பாரு."

"அது நீங்க கொண்டாந்த பாலுங்கக்கா."

"அப்ப உன்ற டீ கெட்டது."

வாசலில் பிள்ளைகளின் சத்தம். "ஹேப்பி பர்த்டே கயல்!" கயல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். குண்டாவைப் பார்த்தாள். பிள்ளைகள் பார்த்துவிடாமல் கதவை இழுத்து மூடிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டீ வடிகட்டியில் ஊற்றினேன். உடனே அடைத்துக்கொண்டது. சுற்றும்முற்றும் பார்த்தேன். அக்கா கொண்டுவந்த புது வேட்டி, மடிப்புக் கலையாமல், ஸ்டிக்கரோடு மேஜைமேல் இருந்தது. அலசினேன், பின்கட்டில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு நான்கு காலிலும் வேட்டியின் நான்கு முனைகளைக் கட்டினேன், கீழே பாத்திரம் வைத்து ஊற்றினேன். (அத்தை சொல்லாமல் விடும் இடம் இதுதான். கவனியுங்கள்.)

முதலில் கலங்கலாகத்தான் வடிந்தது. அதை எடுத்துத் திரும்ப ஊற்றினேன். பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கியது தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி இருந்தது. உங்கள் அம்மா விரலால் தொட்டு நக்கினார். கண்ணை விரித்தார்.

"ஏனுங்க! கசப்பே இல்லீங்க!"

கசப்பெல்லாம் திரிந்த பாலோடு ஒட்டிக்கொண்டு வேட்டியிலேயே தங்கிவிட்டது என்று பிறகு கயல்தான் படித்துவிட்டுச் சொன்னாள். எனக்கு அன்று காரணம் தெரியாது, காரணம் கேட்கும் நிலையிலும் இல்லை. ஐஸைப் போட்டு ஜக்கில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிள்ளைகள் குடித்தார்கள். கோட்டைமேட்டிலிருந்து வந்திருந்த சம்ரீன்தான் முதலில் கேட்டாள். "அங்கிள், சூப்பரா இருக்கு! எப்படிங்க செஞ்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பின்கட்டுக்குப் போய், சொட்டச் சொட்ட வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இதுல வடிச்சான் கண்ணு, எந்தம்பி! இந்த வேட்டில!"

ஒரு பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தது. கயலின் முகம் சிவந்துவிட்டது. எனக்கு லேத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சம்ரீன் வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புதுசுங்களா அங்கிள்?"

"புதுசுதான் அம்மணி. இதா, ஸ்டிக்கர்." விரலால் தொட்டுக் காட்டினேன்.

"எங்க அத்தாவும் பிரியாணிக்குத் தம் போடறப்போ சட்டி வாயில புது வேட்டித்துணிதாங்க கட்டுவாரு. எனக்கு இன்னொரு டம்ளர்."

கீழே வைத்த டம்ளரை அந்தப் பிள்ளை மறுபடி எடுத்துக்கொண்டது. கயல் என் கையிலிருந்த ஜக்கை வாங்கினாள். "எங்கப்பா செஞ்சது" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். அடுத்த வாரம் அதே கூட்டம், கூப்பிடாமலே, இரும்புச் சுருளைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தது. இன்றைக்கும் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் டீ கேட்டால், "டம்ளர் டீயா, வேட்டி டீயா?" என்று நீங்கள் கேட்பது அதனால்தான்.

அத்தைக்கும் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று எல்லோரும் போன பிறகு வடித்த பாத்திரத்தைப் பார்த்தேன், காலி. ஜக்கும் காலி. செய்தவன் நான் மட்டும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துவைக்கிற கல்மேல் கிடந்த வேட்டியின் ஒரு முனையை டம்ளருக்குள் முறுக்கிப் பிழிந்தேன். ஒரு வாய் தேறியது.

அண்ணாந்து குடித்தேன். நன்றாகத்தான் செய்திருந்தேன்.